மினி டிராக்டரின் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பொக்ஸ்: உள்ளே நடப்பது முதல் ஒயில் மாற்றி நியூட்ரல் பிடிப்பது வரை

ஹைட்ரோஸ்டாட்டிக் மினி டிராக்டரில் புதிதாக ஏறுபவர் பக்கெட்டை மண்மேட்டில் குத்துவார். எஞ்சின் முனகத் தொடங்கும். உடனே பெடலை இன்னும் ஆழமாக மிதிப்பார். எஞ்சின் நின்றுவிடும், இல்லாவிட்டால் கியர்பொக்ஸிலிருந்து கீச்சென்று சத்தம் வரும். காலைச் சற்றுத் தூக்கியிருந்தால் அதே மெசின் அதே மண்ணைத் தள்ளியிருக்கும்.

இது ஏன் என்று விளங்கினால் ஓட்டுவது, பராமரிப்பது, பழுது தேடுவது மூன்றும் சேர்ந்து விளங்கும். அதனால் முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். பிறகு ஒயில், பில்டர், காற்று எடுத்தல், நியூட்ரல், ஓட்டும் முறை, கடைசியில் பழுது. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். ஒயிலில் காற்று நிற்கும்போது நியூட்ரல் பிடித்தால் சில்லு சுற்றுவதையோ நிற்பதையோ நம்ப முடியாது. ஒயிலைப் பார்க்காமல் பம்பைக் கழற்றினால் காசுதான் வீண்.

1. பெடலுக்குக் கீழே நடப்பது

எச்எஸ்டி என்று சொல்லப்படும் இந்தப் பெட்டிக்குள் இரண்டு முக்கிய உறுப்புகள் உண்டு: ஒரு பம்ப், ஒரு மோட்டார். பம்பை எஞ்சின் சுற்றுகிறது. பம்ப் தள்ளும் ஒயில் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டாரின் சுற்று ரேஞ்ச் கியர் (ஹை, லோ என்று வேகத்தைத் தெரிவுசெய்யும் பற்கியர்) வழியாக டிபரன்ஷலுக்கும் சில்லுகளுக்கும் போகிறது.

பம்புக்குள் ஒரு உருளையில் வட்டமாகப் பிஸ்டன்கள் இருக்கும். பெரும்பாலும் 7 அல்லது 9, ஒற்றைப்படை எண்ணிக்கைதான். அப்போதுதான் ஒயில் விட்டுவிட்டு அடிக்காமல் சீராகப் போகும். பிஸ்டன்களின் தலைகள் ஸ்வாஷ் பிளேட் என்கிற சாய்தட்டில் உரசிக்கொண்டு சுற்றுகின்றன. தட்டு நேராக நின்றால் பிஸ்டன் உள்ளே வெளியே அசையாது, ஒயில் போகாது. அதுதான் நியூட்ரல். தட்டு சாய்ந்தால் பிஸ்டன் அசையும், ஒயில் போகும். கூடச் சாய்ந்தால் கூட ஒயில் போகும். மறுபக்கம் சாய்ந்தால் ஒயில் எதிர்த்திசையில் போய் மெசின் பின்னுக்கு வரும். உங்கள் கால் பெடலில் செய்வது இந்தத் தட்டைச் சாய்ப்பது மட்டும்தான். எஞ்சினுக்கு ஒரு துளி டீசல்கூட அது கூட்டிக் கொடுப்பதில்லை.

மோட்டாரிலிருந்து திரும்பும் ஒயில் தொட்டிக்குப் போகாமல் நேரே பம்பின் மறுவாய்க்குப் போகிறது, அதாவது மூடிய சுற்று. ஆனால் பிஸ்டன் ஓரங்களில் கொஞ்சம் ஒயில் எப்போதும் கசிந்து வெளியேறும். உராயும் இடங்கள் நனைய அந்தக் கசிவு தேவை. குறைந்த ஒயிலை நிரப்புவது சார்ஜ் பம்ப். சில மாடல்களில் தனிப் பம்ப் இல்லை, ஸ்டீயரிங் சுற்றிலிருந்து திரும்பும் ஒயிலே இந்த வேலையைச் செய்யும். சார்ஜ் பிரஷர் சிறியது, பெரும்பாலும் 20 பாருக்குள் (பார் என்பது பிரஷரின் அலகு). ஓட்டும் சுற்றின் பிரஷரோ பாரமான வேலையில் 200 பாரைத் தாண்டும்.

சார்ஜ் ஒயில் பில்டர் வழியாகவே வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எச்எஸ்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பில்டர் அடைத்தால் சார்ஜ் குறையும். சார்ஜ் குறைந்தால் மூடிய சுற்றுக்குள் வெறுமை விழும், வெறுமை பிஸ்டனையும் தட்டையும் தின்னும். பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரோன்தான், தலைமயிர் ஒன்றின் தடிப்போ 70 மைக்ரோன் அளவு. கண்ணுக்குத் தெரியாத மணல்தூள் அந்த இடைவெளிக்குள் என்ன செய்யும் என்று இதிலேயே தெரியும். திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிக் கரையோரம் வேலை செய்யும் மெசினுக்கு இது இரட்டிப்பு அக்கறை.

2. கால் தூக்கினால் இழுவை கூடும்

எஞ்சின் தரக்கூடிய முறுக்குக்கு ஓர் எல்லை உண்டு. பம்பைச் சுற்றத் தேவைப்படும் முறுக்கை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஒரு சுற்றுக்குப் பம்ப் தள்ளும் ஒயிலின் அளவு, அந்த ஒயில் சந்திக்கும் பிரஷர். பெடலைப் பாதியாக விட்டால் ஒயில் பாதியாகும், வேகமும் பாதியாகும். ஆனால் அதே எஞ்சின் முறுக்கில் ஏறக்குறைய இரட்டிப்புப் பிரஷர் எடுக்கலாம். பிரஷர்தான் சில்லின் இழுவை. ஆகவே காலைத் தூக்குவது கியரைக் குறைப்பதற்குச் சமம்.

இதற்கும் மேலெல்லை உண்டு. பிரஷர் எல்லை மீறி, அதை வெளியே விடும் ரிலீப் வால்வைத் திறக்கும் அளவுக்கு ஏறினால் ஒயில் வால்வு வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு போகும், சில்லு நிற்கும், எஞ்சினின் பவர் முழுக்கச் சூடாக மாறும். சில விநாடிகளுக்கு மேல் அந்தச் சத்தத்தில் நிற்கக்கூடாது. சத்தம் கேட்டால் நிறுத்தி, லோ ரேஞ்சுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். அதே ஒயில் பிரஷருக்கு லோ ரேஞ்சில் சில்லின் இழுவை கூடுதல்.

கந்தளாய், சேருவில வயல்களில் அறுவடைக்கு இறங்கும் குபோட்டா டிசி-70 போன்ற மெசின்களின் ஓட்டு லீவரும் எச்எஸ்டிதான். அதை ஓட்டிப் பழகியவருக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கும்.

ஒன்றை நேராகச் சொல்லவேண்டும். ஒயில் வழியாகப் பவர் போகும்போது கியரைவிட இழப்பு கூட. தம்பலகாமத்துச் சேற்றில் நாள் முழுக்க உழுவதே வேலை என்றால் கியர் டிராக்டர்தான் பொருத்தம். முன்னுக்கும் பின்னுக்கும் ஓயாமல் போய்வரும் பக்கெட் வேலை, தென்னந்தோப்பில் மரத்தைச் சுற்றிப் புல் வெட்டுவது, ஹோட்டல் வளவு, கோழிப்பண்ணைக் குப்பை அள்ளுவது போன்றவற்றில் எச்எஸ்டிக்கு நிகர் இல்லை.

3. கைவைக்குமுன் எடுத்துவைக்க வேண்டியவை

முதலாவது, உங்கள் மாடலின் கைநூல். படமாகப் போனில் இருந்தாலும் போதும். ஒயில் அளவு, பில்டர் நம்பர், வடிகால் போல்ட் எத்தனை, சார்ஜ் பிரஷர் எவ்வளவு என்பவை மாடலுக்கு மாடல் மாறும். மிகச் சிறிய மெசினுக்கு 12 லீற்றர் அளவு போதும். 25 முதல் 40 குதிரைவலு மெசினுக்கு 20 முதல் 40 லீற்றர்வரை போகும். அதே பெட்டி ஒயில்தான் பின்தூக்கியையும், பெரும்பாலான மாடல்களில் ஒயிலுக்குள் ஓடும் பிரேக்கையும் இயக்குகிறது.

அதனால் ஒயிலின் வகை முக்கியம். தகரத்தில் யூடிடிஓ (டிராக்டரின் கியர், ஹைட்ராலிக், பிரேக் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒயில்) என்று இருக்கவேண்டும், அல்லது கம்பனி சொன்ன பெயர் இருக்கவேண்டும்: குபோட்டாவுக்கு சூப்பர் யூடிடி2, ஜோன் டீருக்கு ஹை-கார்ட். மலிவு என்று சாதாரண ஹைட்ராலிக் 68 ஊற்றுபவர்கள் உண்டு. அதில் ஈரப் பிரேக்குக்கும் பிடிஓ (பூட்டிய கருவிக்கு எஞ்சின் பவரைக் கொடுக்கும் தண்டு) கிளச்சுக்கும் வேண்டிய கலவை இல்லை. பிரேக் கத்தும், கிளச் வழுக்கும். எஞ்சின் ஒயில் ஊற்றுவதும் பிழை. இரண்டு வகையைக் கலப்பதும் வேண்டாம்.

மற்றவை: புதிய பில்டர்கள், வடிகால் போல்ட்டுகளுக்குப் புதிய வாஷர்கள், பில்டர் கழற்றும் பட்டி, ஒயில் முழுவதையும் ஏந்தும் அளவுக்குத் தட்டுகள், வலை வைத்த புனல், தும்பு உதிராத துணி, மண்ணெண்ணெயும் பிரஷும், சில்லுக்கு வைக்கும் கட்டைகள், இரண்டு ஜாக் ஸ்டாண்ட். கழிவுப் பஞ்சு வேண்டாம். அதன் நூல் ஒன்று உள்ளே போனால் அது பில்டருக்கு முன்னுள்ள வலையில்தான் நிற்கும்.

ஓ-ரிங்கும் சீலும் நகரத்துக் கடைகளில் அளவு கொடுத்து வாங்கலாம். சரியான பில்டரைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டி வரலாம். ஆகவே ஒரு செட் எப்போதும் கையிருப்பில் இருப்பது நல்லது. பெரும்போக உழவு மழையோடு தொடங்கும், அப்போது மெசினை நிறுத்த யாருக்கும் மனம் வராது. செப்டெம்பரிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

ஒயில் பரலை நவம்பர், டிசம்பர் மழையில் வெளியே நிமிர்த்தி வைக்கக்கூடாது. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது பரல் மூச்சிழுக்கும். மேலே தேங்கிய மழைநீர் மூடியின் மரை வழியாக உள்ளே போகும். கொட்டிலுக்குள் வையுங்கள். முடியாவிட்டால் படுக்க வைத்து இரண்டு மூடிகளும் ஒயில் மட்டத்துக்குக் கீழே இருக்குமாறு விடுங்கள்.

4. முதலில் பழைய ஒயிலைப் படியுங்கள்

மட்டமான தரையில் நிறுத்தி, பக்கெட்டையும் பின்தூக்கியையும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். தூக்கிய நிலையில் பார்த்தால் சிலிண்டருக்குள் இருக்கும் ஒயில் கணக்கில் வராது. குறைவு என்று நினைத்து ஊற்றுவீர்கள், இறக்கியதும் மட்டம் ஏறிவிடும்.

ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வழக்கமான வழிகள் மூன்று: சேற்றில் அச்சுச் சீல் நனைந்தது, கியர் லீவர் அடியிலுள்ள ரப்பர் கிழிந்தது, பிரஷர் வோஷர் அடித்தது. வழியை அடைக்காமல் ஒயில் மாற்றிப் பயனில்லை. மாற்றிய பிறகும் அச்சுக்குள்ளும் பம்புக்குள்ளும் பழையது நிற்கும். கொஞ்ச நேரம் சுமையில்லாமல் ஓடவிட்டு இரண்டாம் தடவையும் மாற்றவேண்டி வரும்.

கறுத்து, எரிந்த மணம் வந்தால் மெசின் சூடாகி ஓடியிருக்கிறது. நுரை நின்றால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று இழுக்கிறது. பில்டர் ரப்பர், குழாய்க் கிளிப், ஓ-ரிங் மூன்றையும் பாருங்கள். உறிஞ்சும் பக்கக் கசிவு ஒயிலைச் சிந்தாமல் காற்றை மட்டும் இழுக்கும் என்பதால் நிலம் காய்ந்திருப்பதை நம்பவேண்டாம்.

5. ஒயிலை இறக்குதல்

(அ) பத்து நிமிடம் ஓட்டி ஒயிலை இளஞ்சூடாக்குங்கள். குளிர்ந்த ஒயில் அடியிலுள்ள தூளை விட்டுவிட்டு வரும், கொதிக்கும் ஒயில் கையைச் சுடும்.

(ஆ) பார்க்கிங் பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கட்டை வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள்.

(இ) பில்டரையும் நிரப்பு மூடியையும் சுற்றியுள்ள மணலையும் கிரீஸையும் மண்ணெண்ணெய் பிரஷால் துடையுங்கள். திறந்த பிறகு துடைத்தால் அழுக்கு உள்ளேதான் போகும்.

(ஈ) நிரப்பு மூடியை முதலில் திறந்து பாருங்கள். உப்புக்காற்றில் நின்ற மெசினில் அது கறள் பிடித்து இறுகியிருக்கும். கீழே ஒயிலை இறக்கிவிட்டு மேலே மூடி திறக்க மறுத்தால் மெசினை நகர்த்தவும் முடியாது.

(உ) வடிகால் போல்ட்டுகள் எல்லாவற்றையும் திறவுங்கள். பலர் நடுப்பெட்டியிலுள்ள ஒன்றை மட்டும் திறந்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். பல மாடல்களில் இரண்டு பின் அச்சுகளின் கீழேயும் தனிப் போல்ட் உண்டு. ஒன்றை விட்டால் பல லீற்றர் பழைய ஒயில் உள்ளே நிற்கும், கைநூல் அளவைப் பார்த்து ஊற்றினால் நிரம்பி வழியும்.

(ஊ) போல்ட்டில் காந்தம் இருந்தால் விரலால் வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வழமையான தேய்வு. வெயிலில் பிடித்தால் மஞ்சளாக மினுங்கும் செதில் பித்தளை. அதைக் காந்தம் பிடிக்காது, ஆகவே ஒயில் ஏந்திய தட்டின் அடியிலும் தேடுங்கள். பித்தளைச் செதில் பிஸ்டன் செருப்பு (பிஸ்டன் தலையில் சாய்தட்டோடு உரசும் பகுதி) அல்லது வால்வுத் தட்டின் (உருளைக்கு ஒயிலை விட்டு எடுக்கும் தட்டு) தேய்வு. நகத்தளவு இரும்புத் துண்டு வந்தால் கியர்ப் பல். அப்போது ஒயில் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

6. பில்டர்

பல மெசின்களில் இரண்டு பில்டர் இருக்கும்: ஒன்று எச்எஸ்டிக்கு, மற்றது ஹைட்ராலிக்குக்கு. வெளித்தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளிருக்கும் கடதாசியின் நுண்மை வேறு. மரை பொருந்துகிறது என்பதற்காக மாற்றிப் பூட்டக்கூடாது. கழற்றும்போதே எது எங்கிருந்தது என்று போன் படம் எடுத்துவையுங்கள்.

பழைய பில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள். தலையில் ஒட்டிக்கொண்டு நின்றால், புதியதன் வளையம் அதற்கு மேல் இருந்து, ஸ்டார்ட் பண்ணிய கணமே ஒயில் பீச்சும். இது அடிக்கடி நடப்பது.

புது வளையத்தில் ஒயில் பூசுங்கள். தொட்ட பிறகு பில்டரில் அச்சடித்த அளவுக்குக் கையால் இறுக்குங்கள், பெரும்பாலும் முக்கால் சுற்று. பட்டியால் இறுக்கினால் வளையம் நசிந்து காற்று இழுக்கும், அடுத்தமுறை கழற்றவும் வராது.

பல மாடல்களுக்குக் கம்பனி சொல்வது: முதல் 50 மணித்தியாலத்தில் பில்டர், பிறகு 200 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பில்டர், 400க்கு ஒருமுறை ஒயில். மணலிலும் தூசியிலும் ஓடும் மெசினுக்குப் பில்டரை அதற்கு முன்பே மாற்றுங்கள். பில்டரின் விலையையும் பம்பின் விலையையும் ஒப்பிட்டால் யோசிக்க ஒன்றும் இல்லை.

7. ஊற்றுதல், காற்று எடுத்தல்

வடிகால் போல்ட்டுகளைப் புது வாஷரோடு பூட்டி, வலைப்புனலால் மெதுவாக ஊற்றுங்கள். கைநூல் அளவில் கொஞ்சம் குறைவாக நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு மட்டம் பாருங்கள். அச்சுகளுக்குள் ஒயில் போய்ச் சேர நேரம் எடுக்கும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐட்லில் விடுங்கள். பெடலைத் தொடாதீர்கள். சார்ஜ் பம்ப் புது பில்டரையும் சுற்றையும் நிரப்ப ஓரிரு நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் பெடலை மிதித்தால் பிஸ்டன்கள் ஒயிலில்லாமல் உரசும். ஒயில் மாற்றிய கையோடு பம்ப் கெட்டது என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றின் பின்னால் இந்த அவசரம்தான் இருக்கிறது.

பிறகு பின்தூக்கியை நாலைந்து தடவை தூக்கி இறக்கி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முட்டத் திருப்புங்கள். நிறுத்தி மட்டம் பாருங்கள். குறைந்திருக்கும், நிரப்புங்கள்.

அடுத்து, முன்னே பின்னே ஆளில்லாத திறந்த இடத்தில், லோ ரேஞ்சில், ஐட்லில், பெடலை முன்னுக்கு மெதுவாகக் கொஞ்சம், விட்டு, பின்னுக்குக் கொஞ்சம். ஐந்தாறு தடவை. முதலில் குலுங்கும், தேனீ இரைவதுபோல் சத்தம் வரும். காற்று வெளியேற இரண்டும் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் ஆர்பிஎம்மைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். நிறுத்தி உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள்.

8. நியூட்ரல் பிடித்தல்

காலை எடுத்த பிறகும் மெசின் ஊர்ந்தால் நியூட்ரல் விலகியிருக்கிறது. ஆனால் செட் பண்ணும் நட்டில் கைவைக்குமுன் பெடலைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஊர்வதற்குப் பொதுவான காரணம் செட்டிங் விலகியதல்ல. பெடல் அச்சு கறளில் இறுகி முழுதாகத் திரும்பாமல் நிற்பது, புஷ் தேய்ந்து லொடலொடப்பது, திரும்பு ஸ்பிரிங் தளர்ந்தது ஆகியவைதான் காரணம். கரையோர மெசினில் முதலாவது மிகச் சாதாரணம். கழற்றித் தேய்த்துக் கிரீஸ் வைத்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீரும்.

தீராவிட்டால்:

(அ) முன்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். நாலு சில்லு இழுவையைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அது போட்டிருக்கும்போது பின்னை மட்டும் தூக்கினால் முன்சில்லு மெசினை ஸ்டாண்டிலிருந்து இழுத்துத் தள்ளும். எடுக்க முடியாத மாடலானால் நாலு சில்லையும் தூக்கவேண்டும்.

(ஆ) பின்பக்கத்தை ஜாக்கால் தூக்கி அச்சின் அடியில் ஸ்டாண்டுகளில் இருத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி இந்த வேலை செய்யக்கூடாது. யாரும் மெசினுக்கு அடியில் படுக்கக்கூடாது.

(இ) ஒருவர் சீற்றில் இருக்க, லோ ரேஞ்சில், பார்க்கிங் பிரேக்கை விடுவித்து எஞ்சினை ஓடவிடுங்கள். ஆள் எழும்பினால் எஞ்சினை நிறுத்தும் சீற் சுவிச்சை வயர் போட்டு ஏமாற்ற வேண்டாம்.

(ஈ) பெடலிலிருந்து பம்புக்குப் போகும் இணைப்புக் கம்பியின் அல்லது எக்சென்ரிக் போல்ட்டின் (மையம் விலகிய போல்ட்) பூட்டு நட்டைத் தளர்த்தி, சில்லு முன்னுக்குச் சுற்றத் தொடங்கும்வரை திருப்புங்கள். அந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு. மறுபக்கம் திருப்பி, பின்னுக்குச் சுற்றத் தொடங்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி நட்டை இறுக்குங்கள். சில்லு நின்ற முதல் இடத்திலேயே இறுக்குவது பொதுவான பிழை. அது விளிம்பு. ஒயில் சூடானதும் மறுபடி ஊரும்.

(உ) ஆர்பிஎம்மை உயர்த்தி, முன்னுக்கு மிதித்து விடுங்கள், பின்னுக்கு மிதித்து விடுங்கள். ஒவ்வொரு தடவையும் சில்லு தானாக நிற்கவேண்டும். ஒரு திசையிலிருந்து விடும்போது மட்டும் நிற்கவில்லையானால் திரும்பவும் இணைப்புகளைத்தான் பார்க்கவேண்டும்.

9. ஓட்டும்போது

வேகத்தை அக்சிலேற்றரால் அல்ல, பெடலால் கூட்டிக் குறையுங்கள். பிடிஓ வேலையென்றால் மீற்றரில் 540 குறியில் (பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று) எஞ்சினை வைத்து அப்படியே விடுங்கள். புல் அடர்ந்தால் காலைத் தூக்குங்கள். ஐட்லில் எஞ்சினை வைத்துக்கொண்டு பெடலை முழுக்க மிதிப்பவரின் மெசினில் சார்ஜும் கூலிங் விசிறியும் இரண்டும் குறைந்தே ஓடும்.

ரேஞ்ச் லீவரை மெசின் முழுதாக நின்ற பிறகே மாற்றுங்கள். அங்கே இருப்பது சாதாரணப் பற்கியர். ஓட்டத்தில் மாற்றினால் பல் உடையும்.

இறக்கத்தில் ரேஞ்ச் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளவே கூடாது. எச்எஸ்டி தரும் தடுப்பு சில்லுக்கு வருவது அந்தக் கியர் வழியாகத்தான். அதை எடுத்தால் மெசின் சுதந்திரமாக உருளும். பின்னால் டிரெய்லர் பூட்டி மண் ஏற்றியிருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் லோ ரேஞ்ச்.

எஞ்சினை நிறுத்தியபின் எச்எஸ்டி மெசினைப் பிடித்து வைக்காது, உட்கசிவால் மெல்ல நகரும். கியரில் விட்டுவிட்டு இறங்கும் பழக்கம் கியர் டிராக்டரிலிருந்து வருவது. இங்கே பார்க்கிங் பிரேக்தான் ஒரே பிடி.

கெட்டு நின்ற மெசினைக் கட்டி இழுக்கவேண்டி வந்தால் ரேஞ்ச் லீவரை நியூட்ரலில் வைத்து, நடக்கும் வேகத்தில், கிட்டிய இடம்வரை மட்டும் இழுங்கள். கியரில் வைத்து இழுத்தால் சில்லு மோட்டாரைச் சுற்றும். எஞ்சின் ஓடாததால் சார்ஜ் ஒயில் வராது. மோட்டார் காய்ந்து உரசும். தூரம் போகவேண்டுமானால் லொறியில் ஏற்றுங்கள்.

மெசினைக் கழுவும்போது பிரஷர் நீரை அச்சுச் சீலிலும் பெட்டியின் மூச்சுக்குழாயிலும் நேரே அடிக்காதீர்கள். மூச்சுக்குழாய் சேற்றால் அடைத்தாலும் தொல்லைதான். உள்ளே சூடேறும் காற்று வெளியேற வழியின்றிச் சீலைத் தள்ளும். புதுச் சீல் போட்டும் கசிகிறது என்பவர்கள் இதைப் பார்க்கவும். கூலரின் செட்டைகளிலும் ரேடியேற்றர் வலையிலும் நிற்கும் வைக்கோல் தூளைப் பகலில் ஒருமுறையாவது ஊதிவிடுங்கள்.

10. பழுது தேடும் ஒழுங்கு

மலிவான முனையிலிருந்து தொடங்குங்கள்: ஒயில் மட்டம், ஒயில் வகை, பில்டர், இணைப்புகள், சார்ஜ் பிரஷர். பம்ப் கடைசி.

இரண்டு திசையிலும் இழுவை இல்லை என்றால் ரேஞ்ச் லீவர் பாதியில் நிற்கிறதா பாருங்கள். பிறகு ஒயில், பில்டர். இழுப்பதற்கான பைபாஸ் வால்வு உள்ள மாடலில் அதை யாரேனும் திறந்துவிட்டு மூட மறந்தார்களா என்றும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் சார்ஜ் துளையில் சிறிய கேஜ் பூட்டிக் கைநூலோடு ஒப்பிடுங்கள். உயர் பிரஷர்த் துளையில் அந்தச் சிறிய கேஜைப் பூட்டினால் வெடிக்கும். துளையைப் படத்தில் பார்த்து உறுதிசெய்யாமல் தொடவேண்டாம்.

ஒரு திசையில் மட்டும் இழுவை குறைந்தால் பம்பைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். பம்பும் மோட்டாரும் இரண்டு திசைக்கும் பொது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக இருப்பவை செக் வால்வும் (ஒயிலை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) ரிலீப் வால்வும்தான். இரண்டு பக்க வால்வுகளும் ஒரே பார்ட் நம்பராக இருந்தால் இடம் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். பலவீனமும் மறுதிசைக்கு மாறினால் பழுது அந்த வால்வில். பெரும்பாலும் அதன் இருக்கையில் ஒரு துகள் மாட்டியிருக்கும்.

காலையில் நன்றாக இழுத்து, வெயில் ஏறிச் சூடான பிறகு இரண்டு திசையிலும் சோர்ந்தால் ஒயில் மெலிந்து உட்கசிவு கூடுகிறது. பிழையான ஒயில், அடைத்த கூலர் இரண்டையும் முதலில் தீர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே என்றால் உள்ளே தேய்வு. பித்தளைச் செதில் கண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒயில் கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடக்கூடாது. 200 பாரில் ஊசித்துளை வழியாக வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும். காட்போட் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தப்பித்தவறிப் பட்டால் நோ இல்லை என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பம்பையும் மோட்டாரையும் திறக்கவேண்டி வந்தால் மணல் முற்றத்தில் திறக்காதீர்கள். காற்றடிக்காத, கூட்டித் துடைத்த அறையும் சுத்தமான மேசையும் உள்ள கராஜ் வேண்டும். ஒன்றில் தேய்வு வந்தால் அதன் துகள் மூடிய சுற்றில் மற்றதற்கும் போயிருக்கும். அதனால் ஒன்றை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கவேண்டாம். புதியதைப் பூட்டுமுன் கூலரையும் குழாய்களையும் கழுவி, பெட்டியின் அடியிலுள்ள வலையைக் கழற்றித் துடைத்து, ஏழாம் பகுதியின் ஒழுங்கில் காற்று எடுங்கள். அந்த முதல் பில்டரை 50 மணித்தியாலம்வரை விடாமல் 10 மணித்தியாலத்தில் கழற்றி, வெட்டி விரித்து, கடதாசி மடிப்புகளுக்கிடையே மஞ்சள் மினுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.